மந்திரத்துக்கு ரசீது எதற்கு?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் மந்திர தியானம் பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்த சூட்டோடு இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். வெட்டினாலும் சரி, கடைசிப் பகுதியை மட்டும் வெட்டாதீர்கள்.

ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னால் மனம் அடங்கும் என்று கட்டுரை சொன்ன வரைக்கும் எனக்கு முழுச் சம்மதம். ஆனால் பாதிப் பக்கம் தாண்டியதும் அது வேறு எங்கேயோ போய்விட்டது. உங்கள் நட்சத்திரத்துக்கு ஏற்ற மந்திரத்தை வகுப்பு நடத்துகிற மாஸ்டர் கணித்துத் தருவாராம், அதை வெளியில் சொன்னால் பலன் போய்விடுமாம், ஒரு மண்டலம் விடாமல் சொன்னால் சர்க்கரை இறங்குமாம், பி.பி. மாத்திரையைத் தூக்கி எறிந்தவர்கள் ஏராளமாம். அப்புறம் கடைசியில் ஒரு செல்போன் நம்பர், இத்தனை நாள் வகுப்புக்கு இவ்வளவு கட்டணம், ரசீது தரப்படும் என்று ஒரு வரி. இது கட்டுரையா விளம்பரமா என்று படிக்கிறவருக்குத் தெரியாதபடி அச்சிட்டிருக்கிறீர்கள், அதுதான் என்னை எழுத வைத்தது.

நான் ஓய்வுபெற்ற நர்ஸ், கடலூர்க்காரி. வேலை பார்த்த காலத்தில் பெரும்பகுதி அறுவை சிகிச்சை வார்டில்தான் கழிந்தது, அதிலும் நைட் டியூட்டி அதிகம். ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி வார்டு எப்படி இருக்கும் என்பது அங்கே நின்றவர்களுக்குத் தெரியும். இனிமேல் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று சொல்லியாயிற்று, சம்மதக் கையெழுத்து வாங்கியாயிற்று, விளக்கையும் அணைத்தாயிற்று, ஆனாலும் ஒருத்தரும் தூங்க மாட்டார்கள். கட்டில் கட்டிலாகக் கண்கள் முழித்துக்கொண்டு கிடக்கும். "சிஸ்டர், நாளைக்கு ஃபர்ஸ்ட் கேஸ் நானா?" என்று ஒரே கேள்வியை ஒரே ஆள் ஒரு மணி நேரத்தில் நான்கு தடவை கேட்பார். பதில் தெரியாமல் கேட்பதில்லை, மனசு அதே இடத்தில் சுற்றுகிறது, அவ்வளவுதான்.

அந்த ராத்திரிகளில் சிலர் மட்டும் அமைதியாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு பாட்டி, பரங்கிப்பேட்டைப் பக்கத்து முஸ்லிம் குடும்பம், பித்தப்பைக் கல்லுக்காக வந்திருந்தவர். அவர் கையில் மணிகூட இல்லை. கட்டைவிரலை மற்ற விரல்களின் கணுவில் ஒவ்வொன்றாக வைத்து வைத்து எடுப்பார், உதடு மட்டும் லேசாக அசையும். "சுப்ஹானல்லாஹ்" முப்பத்து மூன்று, "அல்ஹம்துலில்லாஹ்" முப்பத்து மூன்று, "அல்லாஹு அக்பர்" முப்பத்து நான்கு, ஆக நூறு, முடிந்தால் மறுபடி முதலிலிருந்து என்று பிறகு எனக்கு விளக்கிச் சொன்னார். நர்ஸ்கள் மூச்சை எண்ணுவதில் ஒரு சின்னத் தந்திரம் உண்டு. மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளி மூச்சை மாற்றிவிடுவார், அதனால் நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணுவோம். படுத்திருக்கும் பெரியவர் ஒருவர் சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுவார். பயந்து கிடப்பவர்கள் அதற்கு மேலும் போவார்கள். அந்தப் பாட்டி திக்ரு, அதாவது இந்த இறை நினைவுச் சொற்களை, சொல்லும்போது அவருடைய மூச்சு பக்கத்துக் கட்டில்களில் இருந்ததில் பாதிகூட இருக்காது. 53 மணி ஜெபமாலை உருட்டிய மீனவ அண்ணன்களிடமும், தலையணைக்கடியில் ருத்ராட்சத்தை வைத்துக்கொண்டு ஐந்தெழுத்தை முணுமுணுத்த பெரியவர்களிடமும் அதே மாதிரிதான் பார்த்திருக்கிறேன். இதை ஆராய்ச்சி என்று சொல்லவில்லை, வார்டில் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஆராய்ச்சியாகவும் ஒன்று இருக்கிறது. இத்தாலியில் பவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்னார்டி என்ற மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் 23 ஆரோக்கியமான ஆட்களை உட்கார வைத்து, ஒரு தடவை லத்தீனில் மரியே வாழ்க ஜெபத்தையும் இன்னொரு தடவை "ஓம் மணி பத்மே ஹூம்" என்ற திபெத்திய மந்திரத்தையும் சொல்லச் சொன்னார்கள். மூச்சு, நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் பதிவு செய்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறுக்கு வந்து நின்றது. 2001 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இது வெளியானது. அந்த ஆறு என்ற எண்ணில் விஷயம் இருக்கிறது. நம் ரத்த அழுத்தம் இயல்பாகவே சுமார் பத்து விநாடிக்கு ஒரு தடவை லேசாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. மூச்சும் பத்து விநாடிக்கு ஒன்று என்று வந்துவிட்டால் இரண்டும் ஒரே தாளத்தில் சேர்ந்துகொள்கின்றன, அழுத்தம் கூடினால் குறைக்கவும் குறைந்தால் கூட்டவும் உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடு அப்போது நன்றாக வேலை செய்கிறது. இருபத்து மூன்று பேர் என்பது சின்னக் கூட்டம்தான், அதை வைத்துக் கொடி பிடிக்க வேண்டாம். ஆனால் வெவ்வேறு மதத்துச் சொற்கள் உடம்பில் ஒரே வேலையைச் செய்தன என்பதை யோசித்துப் பாருங்கள், அங்கே நட்சத்திரம் எங்கே வந்தது?

அப்படியே ஒரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஒரு மூச்சுக்கு ஒரு தடவை, மூச்சுக்குப் பத்து விநாடி என்றால் 108 தடவைக்கு 1080 விநாடி, அதாவது பதினெட்டு நிமிடம். ஒரு மாலை உருட்டி முடிக்க அவ்வளவுதான். நம் பெரியவர்கள் இதை மனதில் வைத்துத்தான் 108 வைத்தார்கள் என்று கதை கட்ட நான் தயாரில்லை, வாட்ஸ்அப்பில் அந்த மாதிரி நிறைய வருகிறது. தினமும் இருபது நிமிடம் உட்கார் என்று சொல்கிறவர்கள் எல்லாருடைய கணக்கும் கிட்டத்தட்ட அங்கே வந்து நிற்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

மூச்சு ஒரு பாதி. இன்னொரு பாதி, மனசுக்குள் ஓடும் பேச்சு. கவலை என்பது பெரும்பாலும் பேச்சாகத்தான் வருகிறது, கவனித்துப் பாருங்கள். அவன் ஏன் அப்படிச் சொன்னான், நான் இப்படித் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும், பொண்ணு ஃபீஸுக்கு என்ன செய்வது என்று உள்ளே ஒரு குரல் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு வாக்கியத்தை உள்ளுக்குள் முழுசாகச் சொல்வது கஷ்டம். அந்த இடத்தில் ஒரு சொல்லை உட்கார வைத்துவிட்டால் புலம்பலுக்கு இடம் குறைகிறது. ரமண மகரிஷி இதற்கு ஒரு உதாரணம் சொன்னார்: யானையின் துதிக்கை சும்மாவே இராது, எதையாவது துழாவிக்கொண்டே போகும், ஆனால் அதில் ஒரு சங்கிலியைக் கொடுத்துவிட்டால் அதையே பிடித்துக்கொண்டு நடக்கும், மனமும் ஒரு நாமத்தில் பழகினால் அப்படித்தான் என்று. அதே மூச்சில் இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். மந்திர ஜபம் மனத்தை அடக்குவதற்கு ஒரு துணை, அவ்வளவுதான், அதற்கு மேல் போக நான் யார் என்ற விசாரணை வேண்டும் என்று. திருவண்ணாமலையில் உட்கார்ந்துகொண்டு அவரே இதை ஒரு துணை என்றுதான் சொன்னார், நம் மாஸ்டர்களோ இதையே எல்லாம் என்கிறார்கள்.

எப்படிச் செய்வது என்பதை உங்கள் கட்டுரை வகுப்புக்கு வந்தால் சொல்லித் தருவோம் என்று ஒளித்து வைத்துவிட்டது, நான் சொல்லிவிடுகிறேன், இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. நாற்காலியில் உட்காரலாம், முட்டி வலிக்கிறவர்கள் பத்மாசனம் போட்டே ஆக வேண்டும் என்று கஷ்டப்பட வேண்டாம். சாப்பிட்டதும் வேண்டாம், தூக்கம் தூக்கமாக வரும். முதுகு நேராக இருக்கட்டும். உங்களுக்கு ஏற்கெனவே நெருக்கமான ஒரு சொல், நமசிவாய, நாராயணா, முருகா, இயேசுவே, யா அல்லாஹ், எதுவானாலும். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் அமைதி என்றே வைத்துக்கொள்ளலாம், ஒன்றும் குடிமுழுகாது. மூச்சு உள்ளே போகும்போது சும்மா இருந்து, வெளியே விடும்போது அந்தச் சொல்லை மெதுவாக நீட்டிச் சொல்லுங்கள். வெளிமூச்சு நீளும்போதுதான் நாடித் துடிப்பு தணிகிறது, வேகஸ் என்ற நரம்பு வழியாக நடக்கும் வேலை அது. எண்ணிக்கை வேண்டுமென்றால் மணி, இல்லாவிட்டால் விரல் கணு. மூச்சை வலிந்து அடக்காதீர்கள், ஆறு என்று படித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்து மூச்சுப் பிடிக்கவும் வேண்டாம், சொல்லை நிதானமாகச் சொன்னாலே அது தானாக இறங்கும். வீசிங் உள்ளவர்கள் சொல்லை மட்டும் பார்த்தால் போதும்.

வாய்விட்டுச் சொல்வதைவிட உதட்டுக்குள் சொல்வது மேல், அதைவிட மனசுக்குள் சொல்வது மேல் என்று மரபில் படி வைத்திருக்கிறார்கள். சரி. ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர், அதிலும் மனசு கொதித்துக்கொண்டிருக்கும்போது தொடங்குகிறவர், மனசுக்குள் சொல்ல ஆரம்பித்தால் மூன்றாவது தடவையிலேயே சொல் எங்கேயோ போய் மளிகைக் கணக்கு வந்து உட்கார்ந்துவிடும். அவர்கள் முணுமுணுப்பில் தொடங்குவது நல்லது என்பது என் அபிப்பிராயம், காதுக்கும் உதட்டுக்கும் வேலை கிடைக்கும். மளிகைக் கணக்கு வந்தால் வரட்டும், வந்துவிட்டதே என்று நம்மை நாமே திட்டிக்கொள்ளாமல் மறுபடி சொல்லுக்கு வந்துவிட வேண்டும். இந்தத் திரும்பி வருவதுதான் பயிற்சியே. எங்கள் தெருவில் ஒரு பாட்டியம்மா நோட்டுப் புத்தகத்தில் ஸ்ரீராமஜெயம் எழுதி எழுதி அடுக்கி வைத்திருக்கிறார். வரிக்கு மூன்று, கோடு போட்டமாதிரி ஒரே அளவு. மருமகளிடம் சண்டை போட்ட நாளில் மட்டும் எழுத்து கொஞ்சம் பெரிதாகப் போயிருக்கும், கேட்டால் சிரிப்பார். அதுவும் இதே பயிற்சிதான், நாக்குக்குப் பதில் கை. உரு ஏறத் திரு ஏறும் என்று சும்மா சொல்லவில்லை.

ஒன்று மட்டும் இதில் சேராது என்று நினைக்கிறேன். பூஜை அறையில் சின்ன பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைப் பிளக்கில் சொருகிவிட்டு அது நாள் முழுக்க மந்திரம் சொல்லிக்கொண்டிருக்க, வீட்டில் எல்லாரும் அவரவர் செல்லைப் பார்த்துக்கொண்டிருப்பது. பெட்டிக்கு மூச்சு இல்லை. காதில் விழுந்தால் நல்லதுதானே என்பார்கள், நல்லதுதான், ஆனால் அது பாட்டு கேட்கிற மாதிரி.

இப்போது கட்டணத்துக்கும் ரகசியத்துக்கும் வருகிறேன்.

மந்திரத்தை வகுப்பாகக் கட்டிக் கட்டணத்தோடு உலகம் பூராவும் கொண்டுபோனவர் மகரிஷி மகேஷ் யோகி. அவர் தன் இயக்கத்தைத் தொடங்கியது நம் சென்னையில்தான், 1957 முடிந்து 58 பிறக்கிற சமயத்தில். பத்து வருஷத்தில், 1968இல், பீட்டில்ஸ் இசைக்குழுவே ரிஷிகேஷில் வந்து அவர் ஆசிரமத்தில் உட்கார்ந்தது. ஆளுக்கு ஒரு மந்திரம், அதை யாரிடமும் சொல்லக் கூடாது, காலையும் மாலையும் இருபது நிமிடம். இன்றைக்கு உள்ளூர் மாஸ்டர்கள் நடத்துகிற பல வகுப்புகளும் இந்த அச்சில் வார்த்தவைதான். அந்த முறையால் பலன் அடைந்தவர்கள் இருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தியானம் செய்தவர்களையே சோதனைக்கூடத்தில் வைத்துப் பார்த்த ஹார்வர்டு இதய மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன், 1975இல் எழுதிய புத்தகத்தில் என்ன சொன்னார் தெரியுமா? ரகசியச் சொல் தேவையில்லை, ஒன்று என்ற எண்ணையே மூச்சு விடும்போது சொல்லிக்கொண்டிருந்தாலும் உடம்பு அதே மாதிரி தளர்கிறது, வேறு நினைப்பு வந்தால் போகட்டும் என்று விட்டுவிட்டுச் சொல்லுக்குத் திரும்பு, பத்து முதல் இருபது நிமிடம் போதும் என்றார். ஒன்று! அதற்கு எந்த நட்சத்திரம் பொருந்தும்?

அமெரிக்கா வரை போவானேன். சிவகங்கைச் சீமையில் திருக்கோட்டியூர் இருக்கிறது. எட்டெழுத்து மந்திரத்தின் பொருளைக் கேட்டு ராமானுஜர் அங்கே இருந்த நம்பி என்ற குருவிடம் பதினெட்டு தடவை நடந்தார் என்றும், யாருக்கும் சொல்லக் கூடாது, சொன்னால் நரகம் என்ற நிபந்தனையோடு கடைசியில் அவர் சொல்லிக்கொடுத்தார் என்றும், ராமானுஜர் நேரே கோயிலில் மேலே ஏறி நின்று ஊரையே கூப்பிட்டு அதைச் சொல்லிவிட்டார் என்றும் வைணவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். நீ நரகம் போவாயே என்று குரு கேட்டபோது, நான் ஒருவன் போய் இத்தனை பேர் தப்பித்தால் போகிறேன் என்றாராம். எங்கள் மாவட்டத்து வடலூரில் வள்ளலாரும் அருட்பெருஞ்ஜோதி மந்திரத்தை யார் காதிலும் ரகசியமாக ஓதவில்லை. சபையில் எல்லாரும் சேர்ந்து வாய்விட்டுச் சொல்கிற மந்திரம் அது, 1867இல் அவர் மூட்டிய தருமசாலை அடுப்பில் சோறும் இலவசம். கடலூர் ஊருக்குள்ளேயே வாருங்கள், கரையேறவிட்டகுப்பம் என்று ஓர் இடம். கல்லோடு கட்டிக் கடலில் போட்ட அப்பர் ஐந்தெழுத்தைச் சொல்லி இங்கேதான் கரையேறினார் என்று ஊர் நம்புகிறது. அந்த மந்திரத்தை இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். யாரும் அதற்கு ரசீது போட்டதில்லை.

உடனே, குரு தீட்சையை நீ கேலி செய்கிறாயா என்று கேட்பார்கள். இல்லை. தீட்சை வாங்கி நெறியோடு அனுஷ்டானம் செய்கிறவர்களுடைய வழி வேறு, அது ஒரு சமயத்துக்குள் வாழ்நாள் முழுக்கப் போகிற பயணம், அதற்கு வழிகாட்ட ஆள் வேண்டும்தான். நான் பேசுவது ராத்திரி தூக்கம் வராமல், காரணமில்லாமல் நெஞ்சு படபடக்க, கொஞ்ச நேரம் மனசு அடங்கினால் போதும் என்று உட்கார்கிறவர்களைப் பற்றி. அவர்களிடம்தான் இந்த வகுப்புகள் பணம் கேட்கின்றன.

நல்ல குரு எப்படி நடந்துகொள்வார் என்பதற்கு ஒரு உதாரணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1950களில் மலாயாவில் பிரிட்டிஷ் அரசு வேலையில் இருந்த ஜான் மெயின் என்பவர், கோலாலம்பூரில் சுத்த சமாஜத்தை நிறுவி ஆதரவற்ற குழந்தைகளை வளர்த்துக்கொண்டிருந்த சுவாமி சத்யானந்தாவைப் பார்க்கப் போனார். எனக்குத் தியானம் சொல்லிக்கொடுங்கள், ஆனால் நான் கிறிஸ்தவன் என்றார். சுவாமி அவரை மதம் மாறச் சொல்லவில்லை, தன் கையிலிருந்த மந்திரத்தையும் கொடுக்கவில்லை. உன் சமயத்துச் சொல் ஒன்றை எடுத்துக்கொள், காலையும் மாலையும் அரை மணி நேரம் அதையே முதலிலிருந்து கடைசி வரை சொல் என்றார். மெயின் பிறகு லண்டனில் பெனடிக்ட் சபைத் துறவியானார், அங்கே இது நம் வழி இல்லை என்று சொல்லி நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்திவிட்டார். வருஷக்கணக்கு கழித்து, பழைய பாலைவனத் துறவிகளைப் பற்றி ஐந்தாம் நூற்றாண்டுக்காரர் ஜான் காசியன் எழுதியதைப் படிக்கும்போது, ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பிரார்த்திப்பது அங்கேயும் இருந்ததைக் கண்டுபிடித்தார். 1975இல் லண்டனில் சின்னக் குழு ஒன்றோடு மறுபடி தொடங்கினார். மாரநாதா, அதாவது ஆண்டவரே வாரும், என்பது அவர் கற்றுக்கொடுத்த சொல். இன்றைக்குப் பல நாடுகளில் கிறிஸ்தவர்கள் அதைச் சொல்லிக்கொண்டு உட்கார்கிறார்கள், அதன் ஒரு வேர் கோலாலம்பூர் சுவாமியின் சின்ன ஆசிரமத்தில் இருக்கிறது. மலேசியத் தமிழர்களிலேயே பல பேருக்கு இது தெரியாது. உங்கள் இணைப்பில் எழுத விஷயம் இல்லையென்றால் இப்படிப்பட்டவர்களைப் பற்றி எழுதலாமே.

கடைசியாக நோய் குணமாகும் என்ற பேச்சு. இதுதான் வெட்டாதீர்கள் என்று நான் கேட்டுக்கொண்ட பகுதி.

மருந்து இல்லாத வழிகளால் ரத்த அழுத்தம் குறையுமா என்று அமெரிக்க இதய சங்கம் 2013இல் ஒரு அறிக்கை வெளியிட்டது. மகேஷ் யோகியின் ஆழ்நிலைத் தியானத்தை ஒரு கூடுதல் வழியாகப் பரிசீலிக்கலாம், மற்ற தியான வகைகளைப் பரிந்துரைக்க அப்போதைக்குச் சான்று போதாது என்றது. அதில் குறையும் என்று சொல்லப்பட்டதும் கொஞ்சம்தான். அந்த ஒரு வகைக்கு மட்டும் சான்று சேர்ந்ததற்குக் காரணம், அதன் பின்னால் பல்கலைக்கழகமும் பணமும் இருந்து ஆராய்ச்சி நடந்தது என்று எனக்குத் தோன்றுகிறது, அதை விடுங்கள். மாத்திரையை நிறுத்து என்று அதில் எங்கேயும் இல்லை. தியானம் செய்கிறேன் என்று சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டுக் கால் விரல் கறுத்துப்போய் வந்தவரை நான் அட்மிட் செய்திருக்கிறேன். அவருடைய மந்திரத்தில் குறை இல்லை, மாத்திரை இல்லை, அவ்வளவுதான். டிரஸ்ஸிங் மாற்றும்போதுகூட அவர் உதடு அசைந்துகொண்டேதான் இருந்தது, வலியைத் தாங்க அது உதவியது, விரலைக் காப்பாற்றவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் உங்கள் ஆசிரியர் குழு பார்த்தால் நல்லது. மாயத் தீர்வுகளை விளம்பரம் செய்வதைத் தடுக்கும் மத்தியச் சட்டம் 1954இலேயே வந்துவிட்டது. மாயத் தீர்வு என்றால் எவை என்று விளக்கும் இடத்தில் தாயத்து, கவசம் இவற்றோடு மந்திரம் என்ற சொல்லையும் போட்டே எழுதியிருக்கிறார்கள். நோயைக் குணமாக்கும் என்று சொல்லி இவற்றை விளம்பரப்படுத்தக் கூடாது, சட்டத்தில் உள்ள நோய்ப் பட்டியலில் நீரிழிவும் உண்டு, ரத்த அழுத்தமும் உண்டு. விளம்பரம் கொடுத்தவர் மட்டும் இல்லை, அதை வெளியிடுவதில் பங்கெடுப்பவருக்கும் இது பொருந்தும். கட்டுரை மாதிரி அச்சிட்டால் தப்பிவிடலாமா என்பதை உங்கள் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, யாருக்கு இது சரிப்படாது என்று உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. ஓசிடி என்கிற எண்ணச் சுழற்சி நோய் உள்ளவர்கள் சிலருக்கு ஜபமே புது நோயாகிவிடும். ஒரு மணி தப்பிவிட்டது, மறுபடி முதலிலிருந்து, இல்லாவிட்டால் வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து பயந்து சொல்லிக்கொண்டிருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பக்தி மாதிரியே இருக்கும், வீட்டார் சந்தோஷப்படுவார்கள். அடையாளம் என்னவென்றால், சொல்லி முடித்ததும் மனசு லேசாக வேண்டும், இவர்களுக்கோ சொல்லச் சொல்லப் பதற்றம் ஏறும். காதில் குரல் கேட்கிறவர்கள், கண்ணை மூடினாலே பழைய பயங்கரம் ஏதாவது வந்து நிற்கிறவர்கள், வாழவே பிடிக்கவில்லை என்று இருக்கிறவர்கள், இவர்களைத் தனியாக உட்கார்ந்து ஜபம் பண்ணு என்று அனுப்பிவிடக் கூடாது. அவர்களுக்கு முதலில் டாக்டர், அப்புறம்தான் மாலை. மத்திய அரசின் டெலி மானஸ் சேவை 2022 முதல் இருக்கிறது, 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

அதனால் என் வேண்டுகோள் இரண்டுதான். அந்தக் கட்டுரையில் சர்க்கரை, பி.பி. பற்றிச் சொன்னது தவறு, யாரும் மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று அதே இணைப்பில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள், நான்காம் பக்க மூலையில் எறும்பு ஊர்கிற எழுத்தில் வேண்டாம். அடுத்த தடவை தியானம் பற்றி எது போட்டாலும் கடைசியில் வகுப்பு நடத்துகிறவரின் செல் நம்பர் இருந்த இடத்தில் 14416ஐப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
கடலூர்.